மூன்று நிமிட ஆட்டமும் தவறிய சுப்ஹும்



இக்கட்டுரையை எழுதுவதா வேண்டாமா என்று நெடுநாள் தயங்கினோம். மக்தபில் குழந்தைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் ஒருவர் தம் கைப்பேசிப் பழக்கத்தைப் பற்றி எழுதினால் படிப்போர் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சமே காரணம். ஆனால் இன்று நம் சமுதாயத்தில் சதுரங்கம் ஆடும் பிள்ளை இல்லாத தெரு அரிது. அப்பிள்ளைகளின் பெற்றோருக்கு நம் தவறு ஒரு பாடமாகுமானால் கூச்சத்தை ஒதுக்கிவைப்பதே நல்லது என்று தோன்றியது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மக்தபும் மூடப்பட்டது. தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டை ஒட்டிய நம் சிற்றூரில், காலையும் மாலையும் பிள்ளைகளின் ஓதல் ஒலிக்கும் கூடம் மாதக்கணக்கில் பூட்டியே கிடந்தது. அப்போது ஏழு வயதான நம் மகன், இணைய வகுப்புக்காக வாங்கிய கைப்பேசியில் சதுரங்கம் கற்றுக்கொண்டான். அவனுடன் ஆட ஆள் இல்லை என்பதால் நாமும் கற்றோம். அவன் ஆடிவிட்டு உறங்கப் போய்விடுவான். நாம் உறங்கவில்லை.

நம்மைப் பிடித்தது வேக ஆட்டம். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் அதை பிளிட்ஸ் என்பார்கள். நாம் ஆடியது மூன்று நிமிட ஆட்டம். எதிரில் யார், எந்த நாடு என்று தெரியாது. பொத்தானை அழுத்திய சில நொடிகளில் ஒருவர் கிடைத்துவிடுவார். ஆறு நிமிடத்துக்குள் வெற்றியோ தோல்வியோ தெரிந்துவிடும். உடனே அடுத்த ஆட்டம்.

அதிலும் நாம் தாக்கி ஆடும் வகை. காத்திருந்து, காய்களை மெல்ல நகர்த்தி, ஒரு சிப்பாய் மிச்சத்தில் வெல்வது நமக்குச் சலிப்பைத் தந்தது. காயைப் பலி கொடுத்து எதிரியின் ராஜாவை நடுப்பலகைக்கு இழுத்து வீழ்த்துவதில்தான் இன்பம். பகலில் குரலை உயர்த்தாமல் பாடம் சொல்லும் மனிதருக்குள் இப்படி ஒருவர் ஒளிந்திருந்தது நமக்கே வியப்பாக இருந்தது.

பழைய பலியும் மூன்று கேள்விகளும்

தாக்கி ஆடுவோர் அனைவரும் முதலில் கற்கும் பலி ஒன்று உண்டு. எதிரி கோட்டை கட்டி ராஜாவை ஓரத்தில் ஒதுக்கிவைத்திருப்பார். அந்த ராஜாவுக்கு முன் நிற்கும் ஓரத்துச் சிப்பாயை நம் மந்திரியால் வெட்டி செக் சொல்வது. ராஜா மந்திரியை வெட்டினால் நம் குதிரை பாய்ந்து மீண்டும் செக் சொல்லும். ராஜா பழைய இடத்துக்கு ஒதுங்கினால் ராணி ஓரத்துக்கு வந்து மாட் மிரட்டும். நன்றாக அமைந்துவிட்டால் பத்து நகர்த்தல்களுக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதைக் கற்ற வாரத்தில் ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்த மந்திரியைப் பலி கொடுத்தோம். பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றோம்.

ஏன் தோற்றோம் என்பதை நம் மகன்தான் சொன்னான். "அத்தா, அடிக்கிறதுக்கு முன்னாடி அவன் என்ன செய்வான்னு பார்க்கவே மாட்டேங்கிறீங்க." அந்தப் பலிக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. ராஜாவைக் காக்கும் குதிரை தன் இடத்தை விட்டு விலகியிருக்க வேண்டும். நம் குதிரை பாயும் கட்டம் நமக்குப் பாதுகாப்பாக இருக்க வேண்டும். நம் ராணி ஓரத்துக்கு வரும் வழி திறந்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மந்திரி வீணாகும். மூன்றையும் பார்க்க ஐந்து நொடி போதும். அந்த ஐந்து நொடி நம்மிடம் இருந்தது. பொறுமைதான் இல்லை.

மிகயீல் தாலின் பெயரை அறியாத சதுரங்கப் பிரியர் இல்லை. 1960இல் தம் 23ஆம் வயதில் உலகச் சாம்பியன் ஆன அந்த லாட்வியர், பலி கொடுத்துத் தாக்கும் ஆட்டத்துக்கே பெயராகிப் போனவர். நாம் அவர் ஆட்டங்களைப் பார்த்தபோது பலியை மட்டுமே பார்த்தோம். மீண்டும் பொறுமையாகப் பார்த்தபோதுதான் அதற்கு முன் நடந்தது கண்ணில் பட்டது. குதிரைகளும் மந்திரிகளும் வெளியே வந்துவிட்டன. யானைகள் திறந்த வரிசையில் நிற்கின்றன. எதிரியின் ராஜாவைச் சுற்றித் தாக்கும் காய்கள் காக்கும் காய்களைவிட அதிகம். அதன் பிறகே வெட்டு விழுகிறது.

இது நம் முன்னோருக்கும் தெரிந்த கலை. அப்பாஸியர் காலத்து பக்தாதில் அபூபக்ர் அஸ்ஸூலி போன்ற வல்லுநர்கள் சதுரங்க நூல்கள் எழுதினார்கள். ஆட்டம் தொடங்கும்போது தம் படையை நிறுத்தும் முறைகளுக்கு அவர்கள் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். முதலில் அணிவகுப்பு, பிறகே மோதல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர்கள் எழுதிவைத்ததை நாம் கைப்பேசியில் தோற்றுத் தோற்றுக் கற்றோம்.

ஒரு மார்கழி அதிகாலை

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சென்னைப் பிள்ளை குகேஷ் தம் 18ஆம் வயதில் உலகச் சாம்பியன் ஆனார். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பெருநாள் போல் இருந்தது. நமக்கும்தான். அதன் பின் வந்த இரவுகளில் ஆட்டம் நீண்டுகொண்டே போயிற்று. அவற்றில் ஓர் இரவு, தோற்ற புள்ளிகளை மீட்டுவிட்டுப் படுக்கலாம் என்று எண்ணி மூன்று மணி வரை ஆடினோம். பாலக்கோட்டு மண்டிக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் வண்டிகளின் சத்தம் கேட்டது. இன்னும் ஒன்று, இதோடு கடைசி என்று சொல்லிக்கொண்டோம். தஹஜ்ஜுதுக்கு எழும் நேரத்தில் நாம் படுத்தோம்.

சுப்ஹு பாங்கு கேட்கவில்லை. கண் விழித்தபோது சுவரில் வெயில் விழுந்திருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், மக்தப் வாசலில் பன்னிரண்டு பிள்ளைகள் குர்ஆனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பனியில் நின்றிருந்தார்கள். சாவி நம்மிடம் இருந்தது. அவர்களில் பெரிய பையன் சின்னவர்களை வரிசையாக நிறுத்தி, முந்தைய நாள் பாடத்தை மனப்பாடமாகச் சொல்ல வைத்துக்கொண்டிருந்தான். நம்மைக் கண்டதும் கேட்டான்: "உடம்புக்கு முடியலையா ஹஸ்ரத்?"

"ஆமாம்" என்றோம்.

தொழுகை தவறியதற்குக் களா உண்டு, தவ்பா உண்டு. அந்த ஒற்றைச் சொல்லுக்கு என்ன உண்டு? நம் நலம் விசாரித்த ஒரு பிள்ளையிடம், கையில் குர்ஆன் ஏந்தி நின்ற பிள்ளையிடம், நாம் பொய் சொன்னோம். அன்று அந்தப் பையனுக்கு நாம் கற்பித்த பாடம் எது என்பதை நம்மால் இன்றும் நிம்மதியாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதே நாள் மாலை மகன் கைப்பேசியை நீட்டினான். "ராத்திரி மூணு மணி ஆட்டத்துல ராணியைச் சும்மா குடுத்திருக்கீங்க அத்தா. ஏன்?" அவன் நம்மைக் கண்டிக்கவில்லை. ஆட்டத்தைப் பற்றி மட்டுமே கேட்டான். ஆனால் அங்கே ஒவ்வொரு ஆட்டமும், ஆடிய நேரமும், செய்த பிழையும் பதிவாகி இருந்தன. இடத்திலும் வலத்திலும் அமர்ந்து எழுதும் மலக்குகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். நம் பதிவேட்டை நம் மகன் விரித்துக் காட்டியபோதுதான் அந்தப் பாடம் நமக்கே விளங்கிற்று.

ஒரு நோட்டுப் புத்தகம்

அடுத்த நாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். கடைசியாகத் தோற்ற ஐம்பது ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே தோற்றோம், எந்த நேரத்தில் ஆடினோம் என்று எழுதினோம். இந்த வேலைக்குப் பல மாலைகள் ஆயின. முடிவு எளிமையாக இருந்தது.

எதிரி நம்மை வென்ற ஆட்டங்கள் குறைவு. பெரும்பாலானவற்றில் நாமே தோற்றிருந்தோம். காய்கள் பாதி வீட்டிலேயே இருக்க, ராணியை மட்டும் தனியாக அனுப்பித் தாக்கியவை ஒரு வகை. நம் ராஜாவைக் கோட்டைக்குள் வைக்காமலே எதிரியின் ராஜாவைத் துரத்தியவை இன்னொரு வகை. வெல்லும் நிலையில் இருந்தும் கடிகாரம் தீர்ந்துபோனவை மூன்றாம் வகை. நேரத்தைக் குறித்த பத்தியோ இன்னும் தெளிவாகப் பேசிற்று. இரவு 11 மணிக்கு மேல் ஆடியவற்றில் ஒரு தோல்விக்குப் பின் இன்னொன்று, அதற்குப் பின் மற்றொன்று என்று சங்கிலியாகத் தொடர்ந்தன. கோபத்தில் ஆடியவை அவை.

அப்போதுதான் விசுவநாதன் ஆனந்தின் இளமைக் கதை நினைவுக்கு வந்தது. சென்னையில் மானுவல் ஆரோன் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில்தான் சிறுவன் ஆனந்த் வேக ஆட்டம் பழகினார். அங்கே ஒரு முறை இருந்தது. வென்றவர் பலகையில் அமர்ந்திருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அந்தப் பலகைகளில் பழகிய கை 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை வென்றது. 2017 டிசம்பரில், 48 வயதில், ரியாத் நகரில் உலக ரேபிட் பட்டத்தையும் வென்றது.

அந்த வரிசையைப் பற்றி நெடுநேரம் சிந்தித்தோம். தோற்றவர் நிற்கும் அந்த இடைவெளியில் கோபம் தணியும். பிறர் ஆடுவதைப் பார்க்கலாம். தான் எங்கே தவறினோம் என்று மனத்தில் ஓட்டிப் பார்க்கலாம். கைப்பேசியில் அந்த வரிசை இல்லை. தோற்ற கணமே 'மறு ஆட்டம்' என்ற பொத்தான் வந்து நிற்கிறது. நம்மைக் கெடுத்தது வேகமான ஆட்டம் அன்று. ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே இருந்த வரிசை காணாமல் போனதே நம்மைக் கெடுத்தது.

ஆகவே வீட்டில் ஒரு சட்டம் செய்தோம். தோற்றவர் கைப்பேசியைக் கீழே வைத்து எழ வேண்டும். தண்ணீர் குடிக்கலாம், வாசல் வரை நடக்கலாம். பிறகு வந்து தோற்ற ஆட்டத்தைக் கணினியின் உதவி இல்லாமல் முதலில் தாமே பார்க்க வேண்டும். அதன் பின்னரே அடுத்தது. அடுத்தடுத்து இரண்டு தோல்வி என்றால் அன்றைய ஆட்டம் முடிந்தது. இதற்கு நம் மகன் 'வரிசை' என்றே பெயர் வைத்துவிட்டான். அவன் அம்மா அடுப்படியிலிருந்து, "என்னங்க, வரிசைக்குப் போயாச்சா?" என்று கேட்கும் அளவுக்கு அது வீட்டுச் சொல்லாகிவிட்டது.

இன்னும் சில மாற்றங்களும் செய்தோம். வெறும் மூன்று நிமிடத்துக்குப் பதிலாக, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு நொடி கூடும் ஆட்டத்தைத் தேர்ந்தோம். கடிகாரத்தால் மட்டும் தோற்பது குறைந்தது. வார நாட்களில் வேக ஆட்டத்தைக் குறைத்து, நாளுக்குப் பத்துப் புதிர்கள் போட்டோம். ஒவ்வொரு நிலையிலும் முதலில் செக், பிறகு வெட்டு, பிறகு மிரட்டல் என்ற ஒழுங்கில் பார்க்கப் பழகினோம். நம்முடையதைப் பார்க்கும் முன் எதிரியின் செக்கையும் வெட்டையும் பார்த்தோம். தாக்கும் குணத்தை விடவில்லை. நம் ராஜா கோட்டைக்குள் போகும் வரை பலி இல்லை என்று மட்டும் உறுதி செய்துகொண்டோம். ஓராண்டில் நம் தரப்புள்ளி 1100இலிருந்து 1400ஐ எட்டிற்று. நான்கு ஆண்டு இரவுகள் தராததை இந்த ஒழுங்கு தந்தது.

அப்துல் கைஸ் கூட்டத்தாருடன் வந்த அஷஜ் அவர்களிடம் அல்லாஹ் விரும்பும் இரண்டு குணங்கள் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் பாராட்டியதை நாம் பலமுறை பயான் செய்திருக்கிறோம். ஒன்று சகிப்புத்தன்மை, மற்றொன்று நிதானம். மற்றவர்கள் அவசரமாக ஓடிவர, அவர் தம் ஒட்டகத்தைக் கட்டி, உடை மாற்றி, அமைதியாக வந்தார் என்று விரிவுரையாளர்கள் விளக்குவார்கள். நிதானம் என்றால் கோழைத்தனம் என்று நினைத்திருந்தோம் போலும். தாக்குவோருக்கே அது அதிகம் தேவை என்பதை ஒரு பலகை நமக்குக் காட்டிற்று.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இந்த இடத்தில் நேர்மையாக இருப்பது கடமை. சதுரங்கம் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபில் அது ஹராம் அன்று, மக்ரூஹ். அதுவும் பந்தயம் இல்லாமல், தொழுகையைத் தாமதப்படுத்தாமல், நாவைக் கெடுக்காமல் ஆடும்போது மட்டுமே. ஹனஃபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளின் நிலை இதைவிடக் கடுமையானது. நம் பகுதியில் பலர் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர், நாமும் அப்படியே. எனவே இக்கட்டுரையைச் சதுரங்கத்துக்கான ஃபத்வாவாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் ஆசிரியர் ஒருவரிடம் இதைக் கொண்டுபோனோம். அவர் நம்மைத் திட்டவில்லை. "விட்டுவிட முடிந்தால் விடுங்கள், அதுவே பேணுதல். விட முடியவில்லை என்றால், ஏன் முடியவில்லை என்று உங்களையே கேளுங்கள்" என்றார். அந்த இரண்டாம் வாக்கியம் இன்னும் நம்மைத் துரத்துகிறது.

ஷாஃபிஈ இமாமின் நிபந்தனைகளை வைத்தே நம் பழைய பழக்கத்தை அளந்து பார்த்தோம். பந்தயம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தொழுகை தவறியது. நாவும் கெட்டது. ஆட்டத்தின் ஓரத்தில் இருக்கும் உரையாடல் பெட்டியில் முகம் தெரியாதவருடன் சண்டையிட்ட நாட்களும் உண்டு. இப்போது அந்தப் பெட்டியை நிரந்தரமாக மூடிவைத்திருக்கிறோம். மிக இலகுவாகச் சொல்லும் இமாமின் அளவுகோலிலும் நாம் தேறவில்லை. பிறகு எந்த மத்ஹபை நாம் துணைக்கு அழைப்பது?

2025இல் தமிழ்நாடு அரசு, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை தடை விதித்தது. நம் ஆட்டத்தில் பணம் இல்லை என்பதால் அந்தச் சட்டம் நம்மைத் தொடவில்லை. ஆனால் அந்த நேரங்களைப் பாருங்கள். இரவின் கடைசிப் பகுதியும் தஹஜ்ஜுதும் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் விழித்திருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பது நாம் அறிந்த செய்தி. பணத்தைக் காக்க அரசு பூட்டிய கதவை, சுப்ஹைக் காக்க நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். நம் வீட்டில் இஷாவுக்குப் பின் கைப்பேசி மாடத்தில் ஏறிவிடும்.

சென்னைப் பிள்ளை பிரக்ஞானந்தா 2022 பிப்ரவரியில் இணைய ரேபிட் போட்டியில் மாக்னஸ் கார்ல்சனை வென்றபோது இங்கே நள்ளிரவு கடந்திருந்தது. எப்படிக் கொண்டாடப் போகிறாய் என்ற பொருளில் கேட்டபோது, அந்த 16 வயதுப் பிள்ளை உறங்கப் போவதாகத்தான் சொன்னது. அதே ஆண்டு மே மாதம் மற்றொரு போட்டியில் நள்ளிரவுக்கு மேல் ஆடிவிட்டு, காலையில் பள்ளித் தேர்வுக்குப் போனது. உலகச் சாம்பியனை வென்ற பிள்ளைக்கு உறக்கத்தின் அருமையும் மறுநாள் கடமையும் தெரிந்திருந்தன. 1100 புள்ளி வைத்திருந்த நமக்குத் தெரியவில்லை.

பெற்றோருக்குச் சில சொற்கள்

2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த பிறகு நம் ஊர்களில் சதுரங்கம் பெருகிவிட்டது. பிள்ளை அறிவாளி விளையாட்டுதானே ஆடுகிறான் என்று பெற்றோர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஒன்று மட்டும் கேளுங்கள்: தோற்றால் என்ன செய்கிறான்? எழுந்து வருகிறானா, அடுத்த பொத்தானை அழுத்துகிறானா? பாங்கு கேட்டதும் பாதி ஆட்டத்தை விட்டு எழ முடிகிறதா? பாங்குக்கு எழுந்ததால் ஓர் ஆட்டம் தோற்றுப்போன பிள்ளையைப் பாராட்டுங்கள். அந்தத் தோல்விக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு என்று சொல்லிக்கொடுங்கள். பணம் வைத்து ஆடச் சொல்லும் எந்தச் செயலியும் கைப்பேசியில் இருக்க வேண்டாம். அது மைஸிர், அதில் கருத்து வேறுபாடே இல்லை.

மக்தப் வாசலில் நின்ற பையனிடம் உண்மையைச் சொல்ல நமக்கு ஒன்பது நாட்கள் ஆயின. பாடம் முடிந்து மற்றவர்கள் போன பிறகு அவனைத் தனியே அழைத்தோம். "அன்னைக்கு எனக்கு உடம்பு சரியாத்தான் இருந்தது. ராத்திரி முழுக்க ஃபோன்ல ஆடிட்டுத் தூங்கிட்டேன். உங்கிட்ட பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்க" என்றோம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சற்று நேரம் கழித்து, "எங்க அண்ணனும் அப்படித்தான் ஹஸ்ரத்" என்றான். பிறகு, "அவனுக்கும் சொல்லுறீங்களா?" என்று கேட்டான்.

அந்த அண்ணனுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதினோம். இப்போது வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆவுக்குப் பின், அவனும் நம் வீட்டுக்கு வருகிறான். மரப்பலகை ஒன்றுதான், ஆட்கள் நான்கைந்து பேர். தோற்றவர் எழுந்து கடைசியில் போய் நிற்கிறார். அஸர் பாங்கு கேட்டதும் காய்களைப் பெட்டிக்குள் போடுகிறோம், எவர் வெல்லும் நிலையில் இருந்தாலும் சரியே.

நாம் முழுவதும் மீண்டுவிட்டோம் என்று சொல்லமாட்டோம். சில இரவுகளில் கண் இன்னும் மாடத்தின் பக்கம் போகிறது. அடுத்த ரமலானுக்குள் வேக ஆட்டத்தை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று நிய்யத் வைத்திருக்கிறோம். அதற்காக துஆ செய்யுங்கள். நம் நேரத்தையும் நம் பிள்ளைகளின் நேரத்தையும் அல்லாஹ் பரக்கத் ஆக்குவானாக. ஆமீன்.